அதே பெட்டி, வேறு சிப்

"வாசுகி எண்டோ சொன்னீங்கள்? அப்ப நீங்கள் தமிழோ?"

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று இப்படிக் கேட்டது. நான் அப்போது ஒரு பொய்யின் நடுவில் இருந்தேன்.

சான்டா கிளாராவில் நெட்வொர்க் கார்டு தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதில் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் பிரிவில் எனக்கு வேலை. சாம்பல் நிறத் துணி போர்த்திய தடுப்புகள். யாரோ மைக்ரோவேவில் கருகவிட்ட பாப்கார்னின் வாசம். நாள் முழுக்க ஹெட்செட் மாட்டி மாட்டிக் காது மடல் சிவந்து எரியும்.

"ஆமாங்க," என்றேன்.

"நான் ஞானசீலன். டெக்சாஸில இருந்து கதைக்கிறன். சொந்த இடம் யாழ்ப்பாணம். இப்ப இங்கிலீசில சொன்னதை ஒருக்காத் தமிழில சொல்லுங்கோ பிள்ளை. உங்கட கார்டில ஒரு பிழையும் இல்லை, எல்லாம் என்ர பிழை எண்டு."

அந்த வாரம் முழுக்க நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் அது தானாக வந்தது, பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல. தமிழில் முதல் வார்த்தையே எழும்பவில்லை.

அமெரிக்காவில் உங்கள் முதல் வேலையை ஏன் விட்டீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் விடவில்லை அம்மா. வெளியே அனுப்பினார்கள். அதைச் சொல்ல இந்த போன் காலைச் சொல்லியாக வேண்டும். போன் காலைச் சொல்ல அந்தக் கார்டைச் சொல்லியாக வேண்டும்.

உள்ளங்கை அகலப் பலகை

இன்றைக்கு எல்லாம் காற்றிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேச வேண்டுமானால் அதன் மூடியைக் கழற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகையைச் செருக வேண்டும். பலகையின் முதுகில் ஒயர் மாட்ட ஒரு துளை, பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு. அதுதான் நெட்வொர்க் கார்டு.

செருகினால் மட்டும் போதாது. அந்தக் கார்டை எப்படி வேலை வாங்குவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர ஒரு புரோகிராம் வேண்டும். டிரைவர் என்பார்கள். விண்டோஸுக்கான டிரைவரை நாங்களே ஃப்ளாப்பியில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து விற்றோம்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கல்லூரிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் ஓடிய யூனிக்ஸின் ஜாடை, இலவசம், ஊர் ஊராக இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதுவது. எங்கள் கார்டுக்கு அவர்களே ஒரு டிரைவர் எழுதி வைத்திருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் உதவி எதுவும் இல்லாமல். அது நன்றாகவும் வேலை செய்தது. அதனாலேயே லினக்ஸ்காரர்கள் எங்கள் கார்டைத் தேடி வாங்கினார்கள்.

ஒரு வசந்த காலத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. கார்டு தெரிகிறது, விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரம் தகவல் போகிறது, பிறகு செத்துவிடுகிறது. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் லினக்ஸ்காரர்கள். அத்தனை பேரும் சமீபத்தில் வாங்கியவர்கள்.

கிடங்கிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துவந்து பிரித்தேன். அதே பெட்டி, அதே படம், அதே மாடல் எண். ஆனால் பலகையின் நடுவில் இருந்த கறுப்புச் சிப் வேறு. மலிவான ஒன்றை வாங்கி மாற்றியிருந்தார்கள். பழைய சிப்பைப் போலவே நடிக்கும்படி செய்த சிப் அது. ஏறக்குறைய அதைப் போலவே.

ஏன் சாகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். என் மேசைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. ஒரு வினோதம் கண்ணில் பட்டது. முதலில் விண்டோஸைக் கிளப்பிவிட்டு, பவரை அணைக்காமல் அப்படியே லினக்ஸுக்கு மாறினால் கார்டு அழகாக ஓடியது. பவரை அணைத்து நேராக லினக்ஸைக் கிளப்பினால் செத்தது. அப்படியானால் விண்டோஸ் டிரைவர் அந்தச் சிப்புக்குள் எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போகிறது.

சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும். ஓடும்போது இருந்த எண்களையும் சாகும்போது இருந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். லினக்ஸில் அந்த எண்ணை என் கையாலேயே எழுதினேன். கார்டுக்கு உயிர் வந்துவிட்டது.

பழைய சிப் தானாகச் செய்துகொண்ட ஒன்றைப் புதிய சிப்புக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. டிரைவரில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து, விளக்கு விடாமல் மினுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சந்தோஷத்தோடு மேலாளரிடம் ஓடினேன். பைத்தியக்காரி.

கனிவாகச் சொல்லும் முறை

கிரெக் என் மேலாளர். நல்ல உயரம், கோல்ஃப் சட்டை, எப்போதும் சிரித்த முகம். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. அவருக்குப் பிறகு, குரலை உயர்த்தாத மேலாளர்களைக் கண்டால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அருமையான வேலை, வாசுகி. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்."

"ஏன்?"

"சிப்பை மாற்றியதாக நாம் எங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

"ஒரு வரிதானே கிரெக்? கேட்பவர்களுக்கு அதை மட்டும் சொல்லிவிடலாம்."

"அந்த வரி எதற்கு என்று அடுத்து கேட்பார்கள், இல்லையா?"

அன்று மாலையே நாங்கள் சொல்ல வேண்டிய வாசகம் வந்துவிட்டது. கார்டில் கோளாறு இல்லை, உங்கள் சிஸ்டத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை, அதை நீங்கள் நிறுவியதில்தான் தவறு இருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் என்னைத்தான் முதலில் படிக்கச் சொன்னார் கிரெக். படித்தேன். "இன்னும் கொஞ்சம் கனிவாக," என்றார். மறுபடியும் படித்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவளுக்கே பொய் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் கனிவாக.

ஃப்ரீமான்ட்டில் இருந்த என் அபார்ட்மென்டுக்குப் போகும் ஃப்ரீவே அந்த நேரத்தில் ஊர்ந்துதான் நகரும். கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் சந்தையில் காதில் விழுந்த வசவுகளையெல்லாம் ஒன்று விடாமல் கத்தினேன். பக்கத்து டிரக் ஓட்டுநர் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் அன்றே வேலையை உதறவில்லை என்று கேட்பீர்கள். என் விசா அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே போகும். அது கிரெக்குக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எந்தப் பொண்ணு தொட்டா?

இந்த இடத்தில் கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

அங்கே ஒரு யூனிக்ஸ் மிஷின் இருந்தது. குளிரூட்டிய அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பையன்கள் எந்நேரமும் அதில் உட்காரலாம். எங்கள் விடுதியையோ பொழுது சாயும்போது பூட்டிவிடுவார்கள். பகலில் வகுப்பு. ஆக எங்களுக்குக் கிடைத்தது சாப்பாட்டு இடைவேளை மட்டும். கட்டளைகளைத் தாளில் எழுதிப் பார்த்து, மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, மறுநாள் மத்தியானம் பசியோடு போய் அடித்துப் பார்ப்போம்.

அது கூடப் பரவாயில்லை. மிஷின் எப்போது நின்றுபோனாலும் ஆய்வகப் பொறுப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பொண்ணு தொட்டா?"

மின்சாரம் போயிருக்கும். டிஸ்க் பழுதாகியிருக்கும். ஒரு முறை எலி ஒயரைக் கடித்துவைத்திருந்தது. அன்றைக்கும் அதே கேள்விதான். நானும் என் தோழிகளும் வரிசையாக நின்று, நாங்கள் எதையும் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எலி செத்து நாறிய பிறகும் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

வேலை செய்யாத மிஷினின் முன்னால் ஒருவரை நிறுத்தி "உன் தப்புதான்" என்று சொல்வது எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் கிரெக் என் வாயில் வைத்திருந்தார்.

டெக்சாஸ் குரல்

"பிள்ளை, லைனில இருக்கிறீங்களோ?"

"இருக்கேங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போய்ப் பேசினார். ஊரில் பௌதிகம் படிப்பித்தவராம். இப்போது ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன கிளினிக்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

"ரத்தம் சோதிச்ச ரிசல்ட் எல்லாம் லேபில இருந்து டொக்டர்மாரின்ர அறைக்கு நெட்வொர்க்கில வரவேணும். லினக்ஸைப் போடுவம் எண்டு அடம்பிடிச்சது நான்தான். பழைய கார்டு போட்ட அறையள் நல்லா வேலை செய்யுது. புதுசு போட்ட அறையளுக்கு ரிசல்ட் போகேல்ல. நர்ஸ் பிள்ளையள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரியுதுகள். நேற்று ஒரு ஆளின்ர ரிசல்ட் மற்ற ஆளின்ர ஃபைலுக்குள்ள போயிட்டுது. நல்ல காலம், டொக்டர் பிடிச்சிட்டார்."

"அப்புறம்?"

"திங்கட்கிழமை வேற கம்பெனிக்காரர் வருகினம். எல்லாத்தையும் கழட்டி எறியப் போகினம். என்னையும்தான்." மூச்சு வாங்கினார். "அது போகட்டும். நான் கொஞ்ச நாளா என்னை நானே நம்பாமத் திரியிறன் பிள்ளை. இவ்வளவு படிச்சும் ஒரு கார்டைப் பூட்டத் தெரியேல்லையோ எண்டு. என்ர பிழைதான் எண்டு நீங்கள் தமிழில ஒருக்காச் சொன்னால், நான் போனை வைச்சிடுவன்."

அந்தக் கால்கள் எல்லாம் பதிவாகும். தரத்தைச் சோதிக்க என்று சொல்லிக்கொள்வார்கள். பதிவாகிறது என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன். தமிழை இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"உங்க மேல தப்பே இல்லீங்கண்ணா," என்றேன். கோபம் வந்தால் என் பேச்சில் கொங்கு தானாக ஏறிவிடும். "சிப்பை மாத்திப்போட்டு அதே பெட்டியில வெச்சு விக்கறாங்க. எங்க எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சேதான் உங்க தப்புன்னு சொல்றோம். இங்க மேல உக்காந்திருக்கறவன் ஒருத்தனுக்குக்கூட வெக்கம் மானம் கிடையாதுங்க. நீங்க டிரைவரைத் திறங்க. நான் சொல்றதை அப்படியே சேருங்க."

எந்த ரெஜிஸ்டர், என்ன எண், எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். "பொறுங்கோ," என்றார். கீபோர்டு சத்தம் கேட்டது. என் போனில் காத்திருக்கும் கால்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. நான் நகரவில்லை.

"ஓடுது பிள்ளை," என்றார் கடைசியில். "நிக்காமல் ஓடுது."

சந்தோஷப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். "இப்பத்தான் எனக்குச் சரியான கோவம் வருது," என்றார்.

"எனக்கு வந்து ரொம்ப நாளாச்சுங்க," என்றேன்.

நன்றி என்ற ஒரு வரி

ஞானசீலன் நல்ல மனிதர். தன் கிளினிக் பிழைத்தால் போதும் என்று அவரால் இருக்க முடியவில்லை. மற்றவர்களும் அவதிப்படுகிறார்களே என்று, திருத்திய டிரைவரை லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிட்டார். சிப்பை மாற்றிய கதையையும் எழுதினார்.

முடிவில் ஒரு வரி சேர்த்திருந்தார். உண்மையைச் சொன்ன வாசுகிக்கு நன்றி என்று. என் பெயர், கம்பெனியின் பெயர், பிரிவின் பெயர், எல்லாம் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் என்னை மேல்மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். கிரெக் இருந்தார். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி. மேசை நடுவே ஒரு டேப் ரெக்கார்டர். அதன் பக்கத்தில் முரளி.

முரளி பொறியியல் பிரிவில் இருந்தவர், மாம்பலத்துக்காரர். தினமும் மத்தியானம் நாங்கள் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். அவருடைய தயிர் சாதத்துக்கு என் ஊறுகாய். சிப் மாறிய விஷயம் எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"பதற வேண்டாம்," என்றார் கிரெக். "வாடிக்கையாளருக்கு உதவப் போய் எல்லை தாண்டியிருக்கிறாய், அவ்வளவுதான் என்றால் ஓர் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளலாம். என்ன பேசினாய் என்று மட்டும் முரளி சொல்லட்டும்."

டேப் ஓடியது. முரளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல ஆங்கிலம். 'கதைக்கிறன்' என்றால் பேசுகிறேன் என்று பொருள், அது இலங்கை வழக்கு என்று விளக்கம் வேறு. என் குரலை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிப்பை மாற்றியது, எல்லோருக்கும் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னார். அதற்கு நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். எப்படியும் ஞானசீலன் எழுதியதில் அவ்வளவும் இருந்தது.

வெட்கம் மானம் வாக்கியம் வந்தது. முரளி டேப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் தலையை மிக லேசாக அசைத்தேன். வேண்டாம் என்று.

"அங்கே என்ன சொல்கிறாள்?" என்றார் அந்தப் பெண்மணி.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சிப்பைப் பற்றி இன்னும் ஏதோ சொல்கிறாள் என்றால் முடிந்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

முரளி தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். மேலே இருப்பவர்களில் ஒருவருக்குக்கூட என்று ஆரம்பித்து, கடைசி வரை. மானம் என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடையாது என்று சொல்லி, நெருக்கமாக இரண்டு சொற்களைக் கொடுத்தார்.

கிரெக்கின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போதும் குரல் உயரவில்லை. இனி இது சரிப்படாது என்றார்.

லிஃப்டில் முரளி என் கூடவே இறங்கினார். "கிரீன் கார்டுக்கு இப்பத்தான் அப்ளை பண்ணியிருக்கேன் வாசுகி. என் நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க."

"அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம் முரளி."

அவர் லிஃப்டின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லாப் பேசுங்கோ

ஊரில் வீட்டாரிடம் சொல்லவில்லை. சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, நடு அறையில் திறந்து போட்டுவிட்டு, அதில் எதையும் வைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நான் ஆபீஸில் இல்லை என்று தெரிந்து, ஞானசீலன் எப்படியோ நம்பரைத் தேடி வீட்டுக்கே போன் செய்தார். "என்னாலதானே பிள்ளை?" என்றார்.

"உங்களை யாருங்க என் பேரைப் போடச் சொன்னாங்க?" கத்தினேன். "நன்றி சொல்லலைன்னு நான் அழுதனா? டீச்சரா இருந்தவருக்கு இது கூடவா தெரியாது?" இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். கிரெக்கிடம் கத்த முடியாததையும் முரளியிடம் கத்த முடியாததையும் சேர்த்து அவரிடம் கத்தினேன்.

"ஓம். பேசுங்கோ," என்றார். "நல்லாப் பேசுங்கோ." அவர் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது.

நான் ஓய்ந்த பிறகு, அவர் பாட்டுக்கு விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை வந்த கம்பெனிக்காரர்கள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மின்னஞ்சல் குழுவில் யார் இந்த வாசுகி என்று பலர் கேட்கிறார்கள். அதில் ஒருவர் என் பக்கத்து ஊரிலேயே லினக்ஸில் ஓடும் சர்வர்கள் தயாரிக்கிறாராம். ஆள் தேடுகிறாராம்.

போனேன். ஒரு பழைய கிடங்கின் பாதியில் ஆபீஸ். அந்த ரெஜிஸ்டரை எப்படிக் கண்டுபிடித்தாய் என்பது ஒன்றைத்தான் கேட்டார்கள். பவரை அணைக்காமல் மாறிய கதையைச் சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். விசாவையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். என்னைக் காட்டிக்கொடுத்த அதே நன்றி வரிதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. அதற்காக ஞானசீலனை மன்னித்துவிட்டேன். அவரை மட்டும்.

மௌரி அவென்யூவில்

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூ இந்திய மளிகைக் கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாசுகிதானே?"

முரளி. பக்கத்தில் அவர் மனைவி, வண்டியில் அரிசி மூட்டை. கல்யாணமாகி, வீடு வாங்கி, கிரீன் கார்டும் வந்துவிட்டது என்றார். மனைவியிடம், "என்னோட பழைய ஆபீஸ் ஃபிரண்ட்," என்றார்.

பிறகு எனக்கு நல்ல சேதி சொல்வதுபோல் ஒன்று சொன்னார். "தெரியுமா உங்களுக்கு? இப்ப நம்ம கார்டுப் பெட்டியிலயே லினக்ஸ் டிரைவர் போட்டுத் தர்றோம். நீங்க சொன்ன அதே ஃபிக்ஸ். கிரெக்தான் அதுக்கு முன்னாடி நின்னார். இப்ப அவர் வைஸ் பிரசிடென்ட்."

என் கையில் இருந்த வெண்டைக்காய் எப்போது நசுங்கியது என்று தெரியவில்லை. விரலெல்லாம் பிசுபிசுத்தது.

"நீங்க ஒருநாள் வீட்டுக்கு வரணும்," என்றாள் அந்தப் பெண். நல்ல முகம், கள்ளமில்லாத குரல். "இங்க பக்கத்துலதான் இருக்கோம். சாப்பிட வாங்க."

"நான் வர மாட்டேங்க," என்றேன்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன், என்னாச்சு?"

"இவர்கிட்ட கேளுங்க. ஒரு வார்த்தை விடாமச் சொல்வார்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். முரளி அரிசி மூட்டையின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்று அவள் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. நான் விரலைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.